புல்லாக்குக் கொடி யார் காட்டில் பூத்தது

அந்தப் பூவைப் பாக்கத்தான வந்தீங்க? இல்லீங்க. பூவும் இல்லை, கொடியும் இல்லை. வந்த வழியே போயிருங்க. நீங்க எறங்கின பஸ்ஸு சித்த நேரத்துல திரும்பி வரும்.

அட, நின்னுக்கிட்டே இருக்கறீங்களே. காது கேக்கும்தானே? இந்த வெயில்ல மயங்கி விழுந்து கெடந்தீங்கன்னா அதுக்கும் இந்தத் தெய்வானைதான் காரணம்னு ஊரு சொல்லும். ஏற்கெனவே நெறையச் சொல்லிட்டாங்க. இந்த வேலா மரத்தடிக்கு வாங்க அம்மிணி. கொடத்துல தண்ணி இருக்குது, மொண்டு குடிங்க. தண்ணி குடுத்ததுனால நான் நல்லாப் பேசுவேன்னு நெனச்சுக்காதீங்க. தண்ணி ஆருக்கும் குடுப்பேன். ஆட்டுக்கும் குடுப்பேன்.

எந்தக் காலேஜு? எதா இருந்தா என்ன. அந்த வாத்தியாரு சொல்லி அனுப்பின ஆளுதானே. தொப்பி போட்டுக்கிட்டு, கழுத்துல கேமராவை மாட்டிக்கிட்டு வந்தாரே, அவரு. இங்க வந்தா ஆரைப் பாக்கச் சொன்னாரு? பாவாத்தாளையா? பாத்தீங்களா. எனக்குத் தெரியும். இத்தனை நடந்ததுக்குப் பொறவும் அவ பேருதான்.

பாவாத்தா ஆருன்னு தெரியுங்களா? என்ற கொழுந்தன் பொண்டாட்டி. எங்க ஊட்டுக்காரரு மூத்தவரு, அவ புருஷன் எளையவன். அண்ணந்தம்பி ரெண்டு பேரும் பாகம் பிரிச்சப்ப இந்தக் கொரங்காடும் ரெண்டாச்சு. கொரங்காடுன்னா தெரியாதா? அது சரி. பூவைப் பாக்க வந்துட்டீங்க, பூ நின்ன மண்ணுக்குப் பேரு தெரியலை. உழுகாம, வெதைக்காம, ஆடு மாடு மேயறதுக்குன்னே உட்ட காடுங்க. உள்ள கொழுக்கட்டைப் புல்லு, வேலா மரம். சுத்தியும் கிளுவை முள்ளு வேலி. வெடியால வாசல் முள்ளுப் படலைத் தொறந்து ஆட்டை உட்டுட்டுச் சாத்திட்டா, பொழுதோட வந்து ஓட்டிக்கிட்டுப் போலாம். மழை பேயாத சீமையில எங்களுக்குச் சோறு போட்டது இதுதான்.

இந்தப் பக்கம் என்னுது. அந்தப் பக்கம் அவளுது. நடுவுல நின்னதுதான் அந்த வேலி. இப்ப நிக்கறது இல்லீங்க, அது புது வேலி. பழசைச் சொல்றேன்.

பழைய வேலியை நட்டது நாங்க ரெண்டு பேரும்தான். ஆம்பளைக கிளுவைக் கொம்பை வெட்டி வெட்டிப் போட்டாங்க, நானும் அவளும் கவுறு புடிச்சு நட்டுக்கிட்டே போனோம். அவ கல்யாணமாகி வந்த புதுசு. அவ புடிச்ச மொனையில கவுறு தொவண்டுதான் இருந்துச்சு. என்ற பக்கமாத்தான் வளைஞ்சுச்சு. அப்பவே பாத்தேன். புதுப் பொண்ணு, போனாப் போகுதுன்னு வாயைத் தொறக்கலை. நான் எப்பவும் அப்படித்தான். உட்டுக் குடுத்தே பழகிட்டேன். ஊருல கேட்டுப் பாருங்க. இல்லை, கேக்க வேண்டாம், அவிய எல்லாம் அவ பக்கம்.

அவளைப் பத்தி ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எங்கள்ல ஒரு மொறை இருக்குது. பங்காளி வேலின்னா, அவியவிய பக்கத்து முள்ளை அவியவியதான் கழிக்கோணும். அடுத்தவன் பக்கத்துல அருவா வெச்சா அந்த மண்ணு மேல ஆசைப்படறான்னு அர்த்தம். இது சின்னக் கொழந்தைக்கும் தெரியும். எங்க ஊட்டுக்காரரு தவறிப் போன வருஷம் நான் வேலிப் பக்கமே போகலை. எப்படிப் போவேன்? எந்திரிக்கவே முடியாமக் கெடந்தேன். கிளுவை ரெண்டு பக்கமும் கை நீட்டிருச்சு. ஒரு நாளு வந்து பாத்தா என்ற பக்கம் சுத்தமாக் கழிச்சிருக்குது. வெட்டின முள்ளைக் கவைக்கோல்ல தள்ளி ஓரமாக் குமிச்சு, ஆடு கால்ல குத்தாத மாதிரி மேல கல்லும் வெச்சிருக்குது. ஆருன்னு கேட்டா பாவாத்தா. என்னைய ஒரு வார்த்தை கேக்கலை. நான் புருஷனைப் பறி குடுத்துட்டு ஒக்காந்திருக்கறேன், அவ என்ற வேலியில அருவா வெக்கறா.

ஊரு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? பாவாத்தா தங்கமான பொண்ணுன்னு சொல்லுச்சு. அவ எண்ணம் எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது.

அதே மாதிரி எனக்குக் காய்ச்சல் வந்தப்ப. எம்பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. லீவு கெடைக்கலைன்னு போன்ல சொல்லிட்டான். இவ வெடியால வருவா, கட்டுத்தரையைக் கூட்டுவா, மாட்டைப் பீச்சிப் பாலைச் சொசைட்டிக்கு ஊத்திட்டு, எனக்குச் சோறு கொண்டாந்து வெச்சுட்டுப் போவா. நான் கேட்டனா? கொழம்புல உப்புப் பத்தலை, அது வேற. படுத்துக் கெடக்கறவளுக்கு வாயில என்ன ருசி தெரியப் போகுதுன்னு நெனச்சிருப்பா. எனக்குத் தெரிஞ்சுது. எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சதும் அவ பாத்திரத்தை வெளக்கி, வேலி மேல கவுத்து வெச்சுட்டு வந்துட்டேன். பேசலை. கடன் வெச்சுக்கற பழக்கம் நமக்கில்லை.

சரி, பூவுக்கு வர்றேன். அதுக்குத்தான வந்தீங்க, என்ற கதையைக் கேக்கவா வந்தீங்க.

அந்தக் கொடி அந்த வேலியிலதான் இருந்துச்சு. எங்க பக்கம் புல்லாக்குக் கொடிம்போம். பொம்பளைக மூக்குல தொங்கப் போடற புல்லாக்கு இருக்குதல்ல, பூ அது மாதிரி தொங்கும். அடியில குண்டா, மேல கூண்டு மாதிரிக் கூடி, பச்சையும் கருஞ்செகப்புமா. வெயில் காலத்துல கொடி காஞ்சு ஒண்ணுமே தெரியாது. பொரட்டாசியில மழை விழுந்தா மண்ணுக்குள்ள இருந்து நூலு மாதிரி கெளம்பி கிளுவை மேல ஏறிக்கும். முள்ளுக்குள்ள இருந்ததுனாலதான் ஆடு கடிக்காமத் தப்பிச்சுது. முன்னெல்லாம் எல்லாக் கொரங்காட்டு வேலியிலும் கெடந்துச்சு. அப்புறம் வேலியை எடுத்துட்டுக் கல்லுக்காலு நட்டுக் கம்பி கட்டினாங்க. கரண்டு எடுக்கற காத்தாடிக்கு எடம் குடுத்தாங்க. காட்டை வித்தாங்க. கொடியும் போச்சு. கடைசியில எங்க வேலியில மட்டுந்தான் நின்னுச்சாம். அது எனக்கு எப்படித் தெரியும்? இருக்கற வரைக்கும் அதை ஆரு திரும்பிப் பாத்தா.

வேரு வேலிக்கு நட்ட நடுவுல. பூவு பூத்தது என்ற பக்கம். இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க. வெயில் என்ற பக்கந்தான் விழும், அதனால கொடி இந்தப் பக்கம் வந்து தொங்கித்தான் பூக்கும். அவ பக்கம் ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். அதுவும் வெளங்காத பூவு.

வாத்தியாரு வந்த அன்னிக்கு நான் ஊருல இல்லை. ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். ரெண்டு கெடா வித்துட்டு, வெத்தலை வாங்கிட்டு, பொழுதெறங்கத்தான் வந்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவரு பசங்களைக் கூட்டிக்கிட்டு ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரித் தடத்து வழியா வந்திருக்கறாரு. அவ படல் தொறந்திருந்திருக்குது. உள்ள வந்து பாத்துட்டு ஆடிப் போயிட்டாராம். அப்படியே முட்டி போட்டு ஒக்காந்துட்டாராம். அவ மோர் கரைச்சுக் குடுத்திருக்கறா. குடுப்பா. அதுல கெட்டிக்காரி.

ஒரு வாரம் போச்சு. டீக்கடையில பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க. என்னடான்னு பாத்தா பாவாத்தா போட்டோ. வெளுத்த சீலையைக் கட்டிக்கிட்டு, வேலிக்கு மேல எட்டி, என்ற பக்கத்துப் பூவை ரெண்டு விரல்ல புடிச்சுக்கிட்டு நிக்கறா. அழிஞ்சு போச்சுன்னு நெனச்ச அரிய கொடி பாவாத்தாள் தோட்டத்தில்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது. தோட்டமாம். கொரங்காட்டைத் தோட்டம்னு எழுதறவன் என்னத்தை எழுதுவான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. வயிறு எரிஞ்சுது. மறைக்க என்ன இருக்குது, எரிஞ்சுது. என்ற பேரு எந்தக் காயிதத்துல வந்திருக்குது இதுவரைக்கும்? கல்யாணப் பத்திரிகையில வந்துச்சு, அவரு செத்தப்பக் கருமாதிக் காயிதத்துல வந்துச்சு. இந்த மண்ணுல கெடந்து சாகறவ நானு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊரே பாக்கற மாதிரி ஒண்ணு என்ற எடத்துல வந்து பூத்துச்சு. அதையும் அவ கையில புடிச்சுக்கிட்டு நிக்கறா.

நேரா அவ ஊட்டுக்குப் போனேன். மாவாட்டிக்கிட்டு இருந்தா. "ஏன் பாவாத்தா, பூவு ஆரு பக்கம் பூத்துச்சு?"ன்னு கேட்டேன். "ஒங்க பக்கந்தான்க்கா"ங்கறா. "பொறவு?"ன்னேன். "நான் சொன்னேன்க்கா. அக்கா பக்கந்தான் பூத்திருக்குது, அவிய வந்ததும் போட்டோ எடுங்கன்னு சொன்னேன். அவரு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எடுத்துட்டுப் போயிட்டாரு"ங்கறா. கையில மாவு, மூஞ்சியில அந்தச் சாதுக் களை. நான் நம்புவனா? நீங்க நம்புவீங்களா? ஆரும் நம்ப மாட்டாங்க. "வேண்ணா இப்பவே போன் போட்டு அவருகிட்டச் சொல்றேன்க்கா"ன்னா. நீ சொல்லி என்ற பேரு வரோணுமா? எனக்கு அப்படி ஒரு பேரு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் பாருங்க, ஜீப்பு வருது, வேனு வருது. பசங்க வர்றாங்க, பொண்ணுக வர்றாங்க. ஆபீசருங்கறாங்க, சங்கம்ங்கறாங்க. எல்லாம் அவ படல் வழியா. அவ படலோரத்துல தகரப் பலகை ஒண்ணு நட்டாங்க, பூவை வரைஞ்சு. என்ற படல்ல ஒரு துண்டுக் காயிதம் ஒட்டலை. அவ ஊட்டு வாசல்ல செருப்பு நெறஞ்சு கெடக்குது. நான் இந்தப் பக்கம் நின்னு ஆட்டை வெரட்டற மாதிரி சத்தம் போடுவேன். "ஆரு அது, எம்பக்கம் கையை நீட்டறது?"ன்னு கேப்பேன். வந்த புள்ளைக பயந்து போயி கையை இழுத்துக்கும். ஒருத்தனுக்கு முள்ளு கிழிச்சு ரத்தம் வந்துச்சு. அதுக்கும் அவதான் மஞ்சள் வெச்சுக் கட்டி உட்டா. அதையும் போட்டோ எடுத்தாங்க.

எம்பையன் போன்ல சொன்னான், "ஒரு கொடிக்காகவாம்மா இத்தனையும்?"னு. கொடிக்காகவா? கொடி கெடக்குது போ. நாயத்துக்காகன்னேன்.

அந்த நாயத்தைத் தீத்துக்கலாம்னுதான் சர்வேயரை வரச் சொன்னேன். வேலி எங்க நிக்குதுங்கறது இல்லை கணக்கு, கோடு எங்க ஓடுதுங்கறதுதான் கணக்கு. அளந்து கல்லு நட்டா ஆரும் பேச முடியாது. பேப்பர்க்காரனும் பேச முடியாது. சர்வேயரு வந்து பாத்தாரு. பாத்துட்டு, "இத்தனை முள்ளை வெச்சுக்கிட்டு நேரா எப்படிம்மா டேப்பை இழுக்கறது, அங்கங்க கொஞ்சம் சந்து பண்ணிக் குடுங்க"ன்னாரு. சந்து பண்றது என்ன சந்து பண்றது, வேலியையே எடுத்தர்றேன்னு சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நீங்க டவுனு ஆளு, ஒங்களுக்குக் கிளுவையைப் பத்தித் தெரியாது. அதைச் சாகடிக்கவே முடியாது. கோடையில எலையெல்லாம் உதுந்து சுள்ளி மாதிரிக் கெடக்கறப்ப வெட்டி, இடம் மாத்தி நட்டா, மழை விழுந்ததும் குச்சி குச்சியாத் தழைஞ்சுக்கும். வேலி கோணலா இருந்தாப் புடுங்கி நேரா நடுவோம். பாகம் மாறினாப் புடுங்கி அந்தப் பக்கம் நடுவோம். எங்கப்பன் நட்டாரு, அவரப்பன் நட்டாரு. வேலியைப் புடுங்கி நடறது எங்களுக்கு மாட்டை மாத்திக் கட்டற மாதிரி. வேலியோட சேந்ததுதான கொடி? வேலி எங்க போகுதோ அங்க அதுவும் வரும்னுதான் நெனச்சேன். இதுல என்ன தப்பு? கோடையில கொடியே கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணை நான் எங்கன்னு போயி பாப்பேன்.

ஆளு வெச்சு வெட்டினா நாளாகும், முள்ளுன்னு கூலியும் ஏத்துவாங்க. ஜேசிபி சொன்னேன்.

ஜேசிபி சத்தம் கேட்டதும் ஓடியாறா. தலையில துண்டுகூட இல்லை. மொகம் வெளுத்துப் போயி, "அக்கா, வேண்டாம்க்கா, கொடியோட கெழங்கு உள்ள இருக்குது, கெளறினாப் போயிரும்"ங்கறா. எனக்குச் சொல்லிக் குடுக்கறா. வாத்தியாருகூடப் பழகிப் பழகி அவளும் வாத்தியாராயிட்டா. "நகுந்து நில்லு, முள்ளு தெறிச்சா என்னையச் சொல்லாதே"ன்னேன். அப்ப சொல்றா பாருங்க, இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு ஒடம்பு எரியுது. "அக்கா, அளக்கவே வேண்டாம். இந்த வேலி நின்ன எடம் பூராவும் ஒங்களுதுன்னே வெச்சுக்கங்க. அதுக்கு மேல எத்தனை வேணுமோ அதையும் எடுத்துக்கங்க. எங்க எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தர்றோம். வேலியைத் தொடாதீங்க"ங்கறா. அவ புருஷனும் பின்னால நின்னுக்கிட்டு ஆமாங்கறான். வண்டி ஓட்டற பையன் இஞ்சினை அமத்திப்புட்டு என்ற மூஞ்சியப் பாக்கறான். சர்வேயரு பாக்கறாரு. வேடிக்கை பாக்க வந்த சனம் பூராவும் பாக்குது.

அத்தனை பேரு முன்னாடி எனக்குத் தானம் பண்றா. கேட்டுக்கங்க. அளந்து வந்தா அது என்ற எடம். அவ குடுத்து வந்தா அது பிச்சை. நான் பிச்சைக்காரியா? "குடுக்கறதுக்கு நீ ஆருடி?"ன்னு கேட்டேன். அந்தப் பையனைப் பாத்து, "என்னடா பாக்கறே, தள்ளு"ன்னேன். தள்ளிட்டான். கோட்டை மாதிரி நின்ன வேலி, மண்ணோட பேத்துக்கிட்டு வந்துச்சு. மேட்டு மேல மேடாக் குமிச்சுப் போட்டான்.

அளந்தாங்க. கல்லு நட்டாங்க. பாத்தா வேலி நின்ன எடம் முழுக்க என்னுது. அதுக்கு அந்தப் பக்கமும் ஒரு மொழம் என்னுது. நான்தான் சொன்னேனே, கவுறு தொவண்டுச்சுன்னு. அத்தனை வருஷமா ஒருத்தரும் நம்பலை. இப்ப கல்லு சொல்லுது. போயி பாருங்க, அந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கறேன். வேரு இருந்ததும் என்ற மண்ணு, பூவு பூத்ததும் என்ற மண்ணு. அன்னிக்குச் சனம் கலைஞ்சு போறப்ப எவனாச்சும் வாயைத் தொறந்து, தெய்வானை, நீ சொன்னதுதான் சரின்னு சொன்னானா? ஒருத்தன் சொல்லலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறாங்க. செயிச்சவ நானு, எளவுக்கு வந்த மாதிரிப் போறாங்க.

கிளுவைக் கொம்பைக் கல்லோரமாவே புதுசா நட்டேன். மழைக்குத் தழைஞ்சுது. சொன்னேன்ல, அதைச் சாகடிக்க முடியாதுன்னு. பொரட்டாசி போச்சு, கொடி வரலை. வாத்தியாரு வந்தாரு. இப்ப என்ற படலுக்கே வந்தாரு, அதைச் சொல்லோணும். மொதல் தடவையா என்ற படலுக்கு. நான் நல்ல சீலை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறேன். கேமராவே எடுக்கலை அவரு. ஜேசிபி குமிச்ச மண்ணுகிட்டப் போயி ஒக்காந்து, கையால அள்ளி அள்ளிப் பாக்கறாரு. ரொம்ப நேரம். அப்புறம் எந்திரிச்சு, "இது வேற எங்கயும் நாங்க பாக்கலீங்க"ன்னாரு. அதட்டிப் பேசலை. என்னையப் பாத்துக்கூடச் சொல்லலை. "வேற எங்கயும் இல்லாத கொடியை இத்தனை வருஷம் வெச்சிருந்தது ஆரு, நான்தானே? அதை எழுதுங்க"ன்னேன். சரிங்கன்னு போயிட்டாரு. எழுதலை. பேப்பரை நெதம் பாத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், இருந்தாலும் பாத்தேன். வரலை.

இன்னும் இருக்குது. முழுசாக் கேட்டுட்டுப் போங்க, பாதியில போயி பாதியைச் சொல்றதுதான் இந்த ஊரு வேலை.

ஐப்பசியில ஒரு நாளு, மழை பேஞ்சு உட்டிருந்த நேரம். ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுக்க உட்டுக்கிட்டு இருந்தேன். "அக்கா"ன்னு படல்கிட்ட இருந்து சத்தம். அவதான். உள்ள வரலை. என்ற படலைத் தாண்டாதேன்னு ஜேசிபி வந்த அன்னிக்கே சொல்லியிருந்தேன், தாண்டலை. வெளியிலயே நிக்கறா. சீலையெல்லாம் சேறு, நகக்கண்ணு பூராவும் மண்ணு. உள்ளங்கையில எதையோ வெச்சு நீட்டறா. கிட்டப் போயி பாத்தா ஒரு கெழங்கு. சின்ன வெங்காயம் அளவு. தலையில ஊசி மாதிரி ஒரு மொளை.

"குமிஞ்ச மண்ணை எங்க பக்கமா வேலிச் சந்துல கையை உட்டு அள்ளி, ஒங்களுக்குத் தெரியாமத்தான் சலிச்சேன்க்கா, திட்டாதீங்க. ஒங்க மண்ணுலதான் கெடந்துச்சு. இது ஒண்ணுதான் தப்பிச்சிருக்குது. ஒங்க வேலியோரத்துலயே நீங்களே ஒங்க கையால வெச்சிருங்க. அடுத்த பொரட்டாசிக்குப் பூத்துரும். வாத்தியாருக்கு நான் சொல்லி அனுப்பறேன், வந்து ஒங்களைப் படம் எடுக்கட்டும்"ங்கறா.

அந்தக் கெழங்கைப் பத்திச் சொல்லோணும். நாங்க ஆடு மேய்ச்ச காலத்துல அதைத் தோண்டித் திம்போம். பசிச்சா குச்சியால நோண்டி, மண்ணைத் தொடச்சுட்டுப் பச்சையாவே கடிக்கறதுதான். ஆட்டுக்காரங்க எல்லாரும் திம்பாங்க. அவ கல்யாணமாகி வந்து, நானும் அவளும் ஒண்ணா மேய்ச்ச வருஷத்துல, ஒரு கெழங்கு கெடைச்சா அவ ஒடைச்சு எனக்குப் பெரிய துண்டைக் குடுப்பா. எப்பவும் பெரிய துண்டு எனக்குத்தான். அப்ப நான் அதைப் பாசம்னு நெனச்சேன். அந்த வயசுல எனக்கு என்ன தெரியும். குடுத்துக் குடுத்தே ஆளைச் சின்னதாக்கறவ அவன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. அன்னிக்குத் துண்டு, அப்புறம் சோறு, அப்புறம் எடம், இப்பப் பூவு. எல்லாத்தையும் குடுத்துருவா. நான் வாங்கிக்கிட்டே இருக்கோணும். ஒரு தடவையாச்சும் நான் அவளுக்கு என்னத்தையாச்சும் குடுத்திருக்கறனான்னு யோசிச்சுப் பாத்தேன். குடுக்கறதுக்கு எடமே உடலையே அவ.

கையை நீட்டி வாங்கினேன். அவ மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். சிரிச்சா. சத்தியமாச் சிரிச்சா. நான் நடப் போறேன்னு நெனச்சுட்டா.

மண்ணைச் சீலையில தொடச்சேன். வாயில போட்டேன். கடிச்சேன்.

தின்னுட்டேன்ங்க. அவ பாக்கப் பாக்கத் தின்னேன். மொளையோட. என்ற மண்ணுல வெளஞ்சது, நான் திங்கக்கூடாதா? சட்டத்துல எடமில்லையா? அளந்து நட்ட கல்லு இருக்குதே. மொதல்ல நறுக்குன்னு இருந்துச்சு, அப்புறம் தண்ணியா, லேசா இனிப்பு. பழைய ருசிதான். மாறவே இல்லை.

அவ அடிப் பாவின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மண்ணை வாரித் தூத்தியிருக்கலாம். இத்தனை வருஷத்துல அதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன், ஒரு வார்த்தை திட்டிப்புட்டான்னா எனக்கு எல்லாம் ஆறிப் போயிருக்கும். திட்டலை. நீட்டின கையை மடக்கவும் இல்லை. அப்படியே படலோரத்துல சேத்துல ஒக்காந்துட்டா. அழுதா. ஒரு கெழங்குக்கு ஆராச்சும் அழுவாங்களா? எங்க ஊட்டுக்காரரு செத்தப்பகூட அவ அப்படி அழுகலை. நான் கொடத்தடிக்குப் போயி தண்ணி மொண்டு குடிச்சேன். கெழங்கு தின்ன வாய்க்குத்தான், வேற ஒண்ணுமில்லை. திரும்பி வந்து பாத்தா அவ போயிட்டா.

அதுக்கப்புறம் அவ எதுவும் கொண்டாந்து குடுக்கலை. மோர் வரலை. நோம்பிக்குப் பலகாரம் வரலை. தை மாசம் மறுபடியும் காய்ச்சல்ல கெடந்தேன், ஆரும் வரலை. நல்லதாப் போச்சு. நானே எந்திரிச்சுக் கஞ்சி வெச்சுக் குடிச்சேன். உப்புச் சரியா இருந்துச்சு. என்ற பக்கத்து வேலி போன மாசத்துல இருந்து முள்ளு நீட்டிக்கிட்டுத்தான் நிக்குது, பாருங்க. ஒருத்தியும் அருவாளோட வரலை. வந்தா உடுவனா?

இப்ப நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன். கடைசிக் கொடி எங்க இருந்துச்சுன்னு கேட்டீங்க. வேலியில இருந்துச்சு, அப்புறம் மண்ணுல இருந்துச்சு, அப்புறம் அவ கையில இருந்துச்சு. கடைசியா இருந்தது என்ற வயித்துல. அவ பேரை எழுதாதீங்க. தெய்வானைன்னு எழுதுங்க. எழுதுங்க அம்மிணி, ஏன் பேனாவை மூடறீங்க? எழுத்துத் தெரியலைன்னா சொல்றேன்.

எங்க எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க, அது பாவாத்தா காடு. சொன்னேனில்லீங்க, அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை. பூவு இல்லை, கொடி இல்லை, கெழங்கு இல்லை. அவ மட்டுந்தான் இருக்கறா.